லுவான் எழுத மறுத்த வாக்கியம்

உணவுப் பட்டியலை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, இடக்கண்ணை மூடிக்கொண்டு, ஓர் எழுத்தின் காலடியைக் கட்டைவிரல் நகத்தால் அளந்துகொண்டிருக்கிறார் லுவான் பெய்ஜென். பின்னால் வரிசையில் நிற்கிறவர்களுக்குப் பசி. நான்சாங் நகரத்தில் காலைச் சாப்பாட்டுக்கு யாரும் பட்டியலைப் பார்ப்பதில்லை. ஒரு கிண்ணம் பிசைந்த அரிசி நூடுல்ஸ், ஒரு மண்ஜாடிச் சூப்பு. கடைக்காரர் வெய், வருகிறவர் முகத்தைப் பார்த்தே எடுத்து வைத்துவிடுவார். லுவானும் தினமும் அதைத்தான் சாப்பிடுகிறார். பட்டியலை அவர் படிப்பதில்லை, விசாரிக்கிறார்.

"புதுசா அடிச்சியா வெய்?"

"போன வாரம் அடிச்சது அக்கா. ஏன், விலையைப் பாத்து வயித்தெரிச்சலா?"

"விலை கிடக்கட்டும். மேல ஒரு பலகை படம் போட்டு, கடை திறந்த நாள்ல மாட்டுன பலகைன்னு எழுதியிருக்கியே. உன் கடை எண்பத்தெட்டுல பிறந்திருக்கலாம். இந்தப் பலகை அப்பப் பிறக்கல. இந்த எழுத்தை வரைஞ்ச ஆளு அப்பப் பள்ளிக்கூடத்துல படிச்சுக்கிட்டிருந்திருப்பான்."

"அக்கா, சூப்பு ஆறுது."

"ஆறட்டும். உன் பொய்யும் சேந்து ஆறட்டும்."

வரிசையில் சிரிப்பு. வெய் கோபித்துக்கொள்வதில்லை. "மிளகாயாவது நெசமான்னு பாத்துச் சொல்லிட்டுப் போங்க!" என்று கத்திவிட்டு, அவர் கிண்ணத்தில் ஒரு கை வேர்க்கடலை கூடுதலாகப் போடுவார். பலகையை மாற்ற மாட்டார். லுவானும் கேட்பதை நிறுத்த மாட்டார்.

அச்சடித்த தாளின் வயதைச் சொல்வது லுவானின் தொழில். நீதிமன்றங்களில் தகராறுக்கு உள்ளாகும் ஒப்பந்தங்களும் உயில்களும் பத்திரங்களும் அவர் வேலை பார்க்கும் ஆய்வு மையத்துக்கு வருகின்றன. தாளின் அடியில் ஒரு தேதி இருக்கும். அது மெய்யா என்பதுதான் கேள்வி. அங்கே கையெழுத்தைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். மையைச் சுரண்டிக் கரைத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். லுவான் எழுத்துருவைப் பார்க்கிறவர். சீன மொழிக்கு ஓர் எழுத்துரு செய்வதென்றால் பல்லாயிரம் எழுத்துகளை ஒவ்வொன்றாக மனிதர்கள் உட்கார்ந்து வரைய வேண்டும். மனிதர்கள் வரைந்தால் தவறு வரும். அடுத்த பதிப்பில் திருத்துவார்கள். திருத்துகிற அவசரத்தில் வேறோர் இடத்தில் புதிய தவறு செய்வார்கள். தவிரவும், எல்லா எழுத்துகளும் ஒரே நாளில் கணினிக்குள் வந்துவிடவில்லை. புழக்கத்தில் உள்ளவை முதலில் வந்தன. அரியவை வெகுகாலம் வெளியே நின்றன. எந்த எழுத்து எந்த வடிவத்தில் எப்போது உள்ளே இருந்தது என்று தெரிந்தவரிடம் எந்தத் தாளும் தன் வயதை மறைக்க முடியாது. "முகத்தைப் பாரு, வயசு தெரியும்" என்பது லுவானின் வாடிக்கையான பேச்சு.

எழுத்துருக்களுக்கு அவர் பட்டப்பெயர் வைத்திருக்கிறார். அரசு ஆணைகளில் வரும் ஒல்லி எழுத்து 'பட்டினி குமாஸ்தா'. தள்ளுபடி விளம்பரங்களில் வரும் தடித்த எழுத்து 'மாமியார்'. கல்யாணப் பத்திரிகைகளில் தூரிகைபோல் வளையும் எழுத்து 'குடிகாரக் கவிஞன்'. வீட்டில் மாத்திரை அட்டைகள், கல்யாணப் பத்திரிகைகள், வீட்டை இடிக்கப் போவதாகச் சுவரில் ஒட்டிய அறிவிப்புகள், பருவத் திருவிழாப் பலகாரப் பெட்டிகளின் மூடிகள் எல்லாம் ஆண்டுவாரியாகச் செருப்பு டப்பாக்களில் அடுக்கியிருக்கின்றன. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற கணவர், வருகிற விருந்தாளிகளிடம், "எங்க வீட்ல செருப்பு டப்பா வைக்க எடம் இருக்கு, செருப்பு வைக்கத்தான் எடம் இல்ல. கையில எடுத்துக்கிட்டு உள்ள வாங்க" என்பார்.

ஒரு விரதம் உண்டு லுவானுக்கு. பிறர் தாளில் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டார். ஆய்வறைக்குள் பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில்தான். தாளை இடுக்கியால் தூக்குவார். வீட்டில் நாளிதழின் ஓரத்தில் கணவர் கடைச் சாமான் கணக்குப் போட்டால்கூட, "அடுத்தவன் தாள்ல எதுக்குக் கை வைக்கிறே?" என்று சீறுவார்.

கடவுள், சோதிடம், பெயர்ப் பொருத்தம் எதையும் அவர் வாசற்படி ஏற விடுவதில்லை. ஆய்வு மையத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பெயர்ச்சோதிடர் கடை வைத்திருக்கிறார். பெயரில் எத்தனை கோடு என்று எண்ணிப் பலன் சொல்கிறவர். "டீச்சர், உங்க பேர்ல கோடு கூடிப்போச்சு. அதான் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சண்டை" என்று ஒரு நாள் படியில் வழிமறித்தார். மதிப்புக்குரிய யாரையும் அந்த ஊரில் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். "சண்டை போடப் பேர் எதுக்கு? வாய் போதும். உன் கோடு எண்ணுற சாமர்த்தியத்தை எங்கிட்டக் குடு, உருப்படியா ஒரு வேலை தர்றேன்" என்று சொல்லிவிட்டு லுவான் ஏறிப் போய்விட்டார்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு கோடைக்காலத்தில் சோதிடன் சொல் கேட்டு வைத்த ஒரு பெயர் வந்து சேர்ந்தது.

ஜியே துவெய் என்பது அந்த அம்மாளின் பெயர். தெற்கே மலைப்பக்கத்துக் கிராமத்துக்காரர். துவெய் என்ற எழுத்தில் மூன்று மேகங்கள் இருக்கின்றன. மேலே ஒரு மேகம், கீழே இரண்டு மேகம். ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரு முழு எழுத்து. பிறந்த குழந்தையின் சாதகத்தில் நீர் குறைவு என்று சோதிடன் சொல்ல, அப்பா பழைய அகராதியைப் புரட்டி, இருப்பதிலேயே ஈரமான எழுத்தாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறார். குழந்தைக்கு நீர் கூடியதா என்பது தெரியாது. தொல்லை கூடியது. ஊர் அலுவலகத்தில் கணினி வந்த நாளிலிருந்து அந்தப் பெயரை அடிக்க முடியவில்லை. கணினியில் அந்த எழுத்தே இல்லை.

ஓர் இயந்திரத்துக்குள் ஓர் எழுத்து இல்லையென்றால் அது இயந்திரத்தின் குறை. நம் அலுவலகங்கள் அதை ஆளின் குறை ஆக்கின. "பேரை மாத்திக்கம்மா" என்று உர மானியத்துக்குப் போன இடத்தில் சொன்னார்கள். மகளைப் பள்ளியில் சேர்க்கப் போன இடத்தில் சொன்னார்கள். மருத்துவமனையில் வலியோடு படுத்திருந்தபோதும் சொன்னார்கள். சுற்று வட்டாரத்தில் அரிய பெயர் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக மாற்றிக்கொண்டார்கள். ஜியே மாற்றிக்கொள்ளவில்லை. அங்கே அடையாள அட்டை தருகிற காவல் நிலையத்துக்குப் போனபோது, "மூணு மேகம் எதுக்கு, ஒண்ணு போதாதா?" என்று கேட்ட எழுத்தரிடம், "எங்கப்பா மூணு குடுத்தாரு. மிச்சம் ரெண்டை நீ எங்க கொண்டு போறே?" என்று கேட்டுவிட்டு, சரியான அட்டை கைக்கு வரும்வரை அந்த நிலையத்து வாசலுக்கு நடையாய் நடந்தவர்.

அவருக்கு ஒரு மலைச்சரிவு இருக்கிறது. விதையை ஆட்டிச் சமையலுக்கு எண்ணெய் எடுக்கிற மரங்கள் அவரே நட்டவை. ஊரில் குடும்பத்துக்கு ஒரு சரிவு என்று பிரித்துக் கொடுத்தபோது, புதர் மண்டிய அதை யாரும் விரும்பி வாங்கவில்லை. அந்த எண்ணெய்க்கு நகரத்தில் கிராக்கி வந்த பிறகு ஓர் ஆலை நிறுவனம் அதன் மேல் வழக்குப் போட்டது. சரிவை ஜியே என்றோ ஊர் நிர்வாகத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாராம். நிர்வாகம் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டதாம். ஆதாரமாக ஓர் ஒப்பந்தத் தாள். தேதி தொண்ணூற்றேழாம் ஆண்டு இலையுதிர் காலம். அடியில் ஜியேயின் சிவப்புக் கைநாட்டு. நீதிமன்றம் அந்தத் தாளை லுவானுக்கு அனுப்பியது. தாள் மெய்யென்றால் மலை போய்விடும். பொய்யென்றால் மலை ஜியேயிடமே இருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்கக் கைநாட்டு எடுக்க ஜியே மையத்துக்கு வரவழைக்கப்பட்டார். பிளாஸ்டிக் பையில் அவித்த சோளம், ஒரு குடை, வாய் நிறையக் கேள்வி. எடுத்த கைநாட்டைத் தாளில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு லுவான் சொன்னார்:

"அக்கா, முதல்லயே சொல்லிடுறேன். தாள்ல இருக்கிற விரல் உங்களுதுதான். அறிக்கையில அப்படித்தான் எழுதுவேன்."

அந்த அம்மாளுக்கு வந்ததே கோபம். "நீ யாரு பக்கம் தங்கச்சி? கம்பெனிக்காரன் உனக்கும் எண்ணெய் குடுத்தானா?"

"எனக்கு யாரும் எண்ணெய் குடுக்க வேணாம். எங்க வீட்ல வதக்குறதுக்கு ஆள் இருக்கு, எண்ணெயும் இருக்கு. விரல் உங்களுதா இல்லையா?"

"என்னுதுதான்! விரல் என்னுது, தாள் என்னுது இல்ல! உர மானியம்னு சொல்லி வெத்துத் தாள்ல வெச்சுட்டுப் போகச் சொன்னாங்க. உன் பேரு மிஷின்ல வராது, நாங்க பின்னாடி எழுதிக்கிறோம்னாங்க. வரிசையா வெச்சுட்டு வந்தேன். எனக்கென்ன தெரியும், வெத்துத் தாளும் ஒரு நாள் பேசும்னு?"

லுவான் இடுக்கியால் அந்த ஒப்பந்தத் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்திருந்தார். "உன் பேரு மிஷின்ல வராது" என்ற சொல் காதில் விழுந்ததும் கை நின்றது. தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். ஜியே துவெய் என்ற பெயர் வருகிற இடத்திலெல்லாம் மூன்று மேகங்களும் அழகாக, சீராக, பக்கத்து எழுத்துகளோடு தோளோடு தோள் நின்றுகொண்டிருந்தன. கையால் எழுதிச் சேர்த்த அடையாளம் இல்லை. வெற்றிடம் இல்லை.

மோசடி செய்தவன் சோம்பேறியாக இருந்திருந்தால் தப்பித்திருப்பான். அந்தக் கால வழக்கப்படி இடம் விட்டு, பேனாவால் மூன்று மேகம் எழுதியிருந்தால் லுவானே திணறியிருப்பார். அவன் ஒழுங்கான ஆள். அடையாள அட்டையைப் பார்த்து எழுத்தைத் தேடி எடுத்துப் பிசகில்லாமல் அடித்துவிட்டான். வாழ்நாள் முழுக்க எந்த அலுவலகமும் தாளில் சரியாக அச்சடித்துக் கொடுக்காத பெயரை, அந்த அம்மாளின் மலையைப் பிடுங்க வந்த தாள்தான் முதன்முதலாகச் சரியாக அச்சடித்துக் கொடுத்தது.

ஆனால் லுவான் உடனே பேனாவை எடுக்கிறவர் இல்லை. தனக்குப் பிடித்த முடிவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. தன் கட்சியை உடைக்கக்கூடிய சான்று எங்கே இருக்கும் என்று தேடிக்கொண்டு, நீதிமன்ற அனுமதியோடு அந்த ஊர் ஆவண அறைக்கே போனார். ஒப்பந்தம் அடிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் அதே தட்டச்சறை, அதே ஆண்டுத் தாள்கள். தூசியில் தும்மித் தும்மி மூக்கு சிவந்தது. ஜியேயின் பெயர் விதவிதமாகக் கிடைத்தது. தானிய வரி ரசீதில் வெற்றிடம், அதில் நீலப் பேனா. தடுப்பூசிப் பட்டியலில் 'மேகம் மேகம் மேகம்' என்று வரிசையாக அடித்து அடைப்புக்குறி. ஊர்க்குழுத் தேர்தல் வாக்காளர் பட்டியலில், கடைசியாக, அவர் அஞ்சிய ஒன்று: அச்சில் வந்த ஒற்றை எழுத்தாகவே மூன்று மேகம்.

எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் அந்தப் பட்டியலைப் பார்க்காததுபோல் மூடி வைத்திருப்பார். லுவான் அதைத்தான் முதலில் படம் பிடித்தார்.

உருப்பெருக்கியின் கீழ் வைத்தபோது கதை தெளிவாயிற்று. கணினியில் இல்லாத எழுத்தைத் தானே கோத்துச் செய்துகொள்ள அந்தக் காலத்தில் ஒரு சிறு நிரல் இருந்தது. ஊர்த் தட்டச்சர் ஒரு மேகத்தை எடுத்து, நசுக்கி, மூன்று முறை ஒட்டியிருக்கிறார். கோடுகள் மயிரிழையாய் மெலிந்து, ஒன்றின் கால் இன்னொன்றின் தலையில் இடிக்க, ஒரே முக்காலியில் மூன்று பேர் உட்கார்ந்த கோலம். ஒப்பந்தத் தாளில் இருந்த எழுத்து அப்படி இல்லை. அது எழுத்துரு வரைகிறவர் ஒருவர் பொறுமையாக இடம் பங்கிட்டு வரைந்தது. அவரும் மனிதர்தானே, கீழ் இடப்பக்க மேகத்தின் கடைசிப் புள்ளி, பக்கத்து மேகத்தின் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒட்டு லுவானுக்குப் பழக்கமானது. ஓர் எழுத்துருவின் ஒரே ஒரு பதிப்பில் இருந்தது. அடுத்த பதிப்பில் பிரித்துவிட்டார்கள். அந்தப் பதிப்பு வந்தது தாளின் தேதிக்குப் பத்தாண்டுக்கும் மேல் கழித்து.

அறிக்கை தயாராயிற்று. சட்டப்படி அதில் இரண்டு ஆய்வாளர்களின் கையெழுத்து வேண்டும். இரண்டாமவர் மையத்தின் இயக்குநர் தோங். ஆலைக்காரர்கள் அவரை ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"லுவான் டீச்சர், ஒக்காருங்க. டீ குடிங்க. நான் உங்களைப் பொய் எழுதச் சொல்லல."

"சொன்னா எழுதிடுவேனா?"

"கேளுங்க முதல்ல. மை சோதனை ஒண்ணும் சொல்லல. பேப்பர் சோதனை ஒண்ணும் சொல்லல. கைரேகை அந்தம்மாவோடதுதான். மிச்சம் இருக்கிறது ஒரு எழுத்து. ஒரே எழுத்து! 'தீர்மானிக்க இயலவில்லை'ன்னு எழுதுங்க. அது பொய் இல்லையே? யாருக்கும் மனஸ்தாபம் இல்ல. அவங்க புகார் குடுத்தா உங்க உரிமம் சிக்கல்ல மாட்டும். புதுப்பிக்கிற சமயம் வேற."

"தோங் டைரக்டர், அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ தடவை எழுதியிருக்கேன். போன மாசம்கூட எழுதினேன். ஏன்? எனக்குத் தெரியல. தெரியலன்னு எழுத எனக்கு வெக்கம் கிடையாது. இப்பத் தெரியுது. தெரிஞ்சதைத் தெரியலன்னு எழுதினா அதுக்குப் பேரு பணிவு இல்ல."

"பிடிவாதம் உங்களுக்கு."

"அறிக்கையில தப்பு எங்கன்னு காட்டுங்க. உங்க கண்ணு முன்னாடி கிழிச்சுப் போடுறேன்."

தோங் அறிக்கையை மேசையிழுப்பறையில் வைத்துப் பூட்டினார். மறுநாள் மதியம் லுவான் தன் சாப்பாட்டு டப்பாவோடு அவர் அறைக்கு வந்து எதிரே உட்கார்ந்து திறந்தார். சோறு, காய்ந்த மிளகாயில் வதக்கிய பன்றி இறைச்சி, ஊர் முழுக்க மணக்கும் புளித்த சோயாக் கட்டி. பேசவில்லை, சாப்பிட்டார், துடைத்தார், போனார். அதற்கடுத்த நாளும் வந்தார். "இது என்ன சத்தியாகிரகமா?" என்று தோங் மூக்கைப் பிடித்துக்கொண்டார். "இல்ல, மதியச் சாப்பாடு. நீங்க தப்பைக் கண்டுபிடிச்சதும் சொல்லுங்க, என் எடத்துலயே போய்ச் சாப்பிடுறேன்" என்றார் லுவான்.

தோங் ஒரு காலத்தில் நல்ல ஆய்வாளர். அறிக்கையை எடுத்துத் தப்புக் கண்டுபிடிக்கத்தான் படித்தார். வாக்காளர் பட்டியல் படம் இருந்த பக்கத்துக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்களுக்கு எதிரா இருக்கிறதை நீங்களேவா சேத்தீங்க?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவரே உருப்பெருக்கியைக் கொண்டுவரச் சொல்லி, மூன்று மேகங்களையும் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். "அந்த டப்பாவை மூடித் தொலைங்க" என்றார் பிறகு.

நீதிமன்றத்தில் நிறுவனத்தின் வழக்கறிஞர் பியான் மிகவும் மரியாதையானவர். குரலை உயர்த்தாமலே கழுத்தை அறுக்கிறவர். அவர் கேட்கக் கேட்க எழுத்தர் தட்டச்சு செய்ய, பேசுகிற ஒவ்வொரு சொல்லும் எல்லார் முன்னாலும் இருந்த திரைகளில் ஓடியது. லுவான் திரையைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"டீச்சர், கணினியில இல்லாத எழுத்தைச் செஞ்சுக்க அப்பவே வழி இருந்தது, சரியா?"

"சரி. என் அறிக்கையில நானே எழுதியிருக்கேன். படம்கூடப் போட்டிருக்கேன்."

"அப்ப ஊர்த் தட்டச்சர் மூணு மேகத்தைச் செஞ்சிருக்கலாம் இல்லையா?"

"செஞ்சிருக்கலாம் இல்ல, செஞ்சார். எப்படிச் செஞ்சார்னு பாருங்க." இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் பெரிதாகத் திரையில் வந்தன. முக்காலியில் நெருக்கியடித்த மூன்று பேர் ஒருபுறம். விசாலமாக உட்கார்ந்த மூன்று பேர் மறுபுறம். பார்வையாளர் வரிசையில் யாரோ 'ப்ச்' என்றார்கள்.

"அந்தப் புள்ளி ஒட்டிக்கிட்டது மை கசிஞ்சதா இருக்கலாமே?"

"கசிஞ்சா ஒரு எடத்துல கசியும். பேர் வர்ற எடத்துலயெல்லாம் அதே புள்ளி, அதே கோட்டுல, அதே அளவு ஒட்டியிருக்கு. மைக்கு அவ்வளவு ஒழுக்கம் கிடையாது வக்கீல் சார்."

பியான் சிரித்தார். "ஒரே ஒரு எழுத்து டீச்சர். அதை வெச்சு ஒரு மலையோட கதையைத் தீர்மானிக்கச் சொல்றீங்க."

லுவான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஒரே ஒரு எழுத்துன்னு இப்பச் சொல்றீங்க. அந்த ஒரே ஒரு எழுத்துக்காக இந்தம்மாவை ஆயுசு முழுக்க ஆபீஸ் ஆபீஸா அலைய விட்டாங்களே, அப்ப அது பெருசா இருந்துச்சு. மிஷின்ல வராதுன்னு வெத்துத் தாள்ல விரலை வாங்கினாங்களே, அப்பவும் பெருசா இருந்துச்சு. மலையைப் புடுங்கும்போது மட்டும் சின்னதாயிடுச்சா? திரையைப் பாருங்க. இந்தக் கோர்ட்டு மிஷின்லயே இன்னிக்கும் அவங்க பேர் வரல. கட்டம்தான் வருது. தொண்ணூத்தேழுல மலையடிவார ஊர்ல மட்டும் வந்துடுச்சா?"

எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். ஜியே என்ற எழுத்துக்குப் பக்கத்தில், பெயர் வருகிற இடத்திலெல்லாம், ஒரு வெற்றுச் சதுரம். எழுத்தருக்குக் காது சிவந்தது.

"சாட்சி கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லணும்" என்றார் பெண் நீதிபதி. அதைத் திட்டாகச் சொல்லவில்லை.

பியான் பின்னால் திரும்பித் தன் கட்சிக்காரரோடு முணுமுணுத்தார். பிறகு எழுந்து, அந்த ஒப்பந்தத் தாளைத் தங்கள் தரப்பு ஆதாரத்திலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். மலைக்கு உரிமை சொல்ல அவர்களிடம் இருந்தது அந்த ஒரே தாள்தான்.

"திரும்பப் பெறுவது பதிவு செய்யப்படும்" என்றார் நீதிபதி. "தாள் இங்கேதான் இருக்கும். அதை யார் அடிச்சாங்கன்னு இன்னொரு இடத்துல கேக்க வேண்டியிருக்கு."

ஜியேவுக்குச் சட்ட பாஷை பிடிபடவில்லை. பக்கத்திலிருந்தவர் காதில் சொன்னதும், "அப்ப இந்த வருசம் காய் பறிக்கலாமா?" என்று கூடமே கேட்கக் கேட்டார்.

விசாரணைப் பதிவை அச்சடித்துக் கொண்டுவந்தார்கள். சாட்சி படித்துப் பார்த்துப் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். திருத்தம் இருந்தால் திருத்தி அதன் மேல் கைநாட்டு வைக்க வேண்டும். அது முறை. லுவான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். தாளிலும் பெயருக்குப் பதில் சதுரம்.

"டீச்சர், அதை நாங்க அப்புறம் பாத்துக்கிறோம். நீங்க கையெழுத்து மட்டும் போட்டுடுங்க. மத்தியானம் ஆயிடுச்சு" என்றார் எழுத்தர்.

லுவான் முதல் பக்கத்துக்கே திரும்பினார். பிறர் தாளில் ஒரு புள்ளியும் வைக்காத அந்தக் கை பைக்குள் போய்ப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றியது. முதல் சதுரத்துக்குள் மேலே ஒரு மேகம், கீழே இரண்டு மேகம், ஒரு கோடு விடாமல் எழுதினார். பெருவிரலைச் சிவப்பு மையில் ஒற்றி அதன் மேல் அழுத்தினார். அடுத்த சதுரத்துக்கு நகர்ந்தார். பிறகு அதற்கடுத்தது. நீதிபதியும் வழக்கறிஞரும் எழுந்திருக்க முடியாமல் காத்திருக்க, ஒன்றையும் தாவாமல், அவசரப்படாமல், பக்கத்தைத் திருப்பினார்.